‘தங்கத்தை’ என்று என் அத்தையை அழைத்த போலிக் கணக்கு

காலை ஆறரை மணிக்கு அத்தை கூப்பிட்டார். "கால் வலி இப்போ தேவலையா கண்ணு? பணம் இன்னிக்கே அனுப்பிடுறேன், கவலைப்படாதே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முட்டியில் ஆபரேஷன் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. பணமும் நான் கேட்கவில்லை.

அத்தைக்கு ஃபேஸ்புக்கில் வந்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். என் பெயர், என் முகப்புப் படம். "தங்கத்தை, முட்டில மறுபடி ஆபரேஷன் சொல்றாங்க. வீட்ல யாருக்கும் சொல்லிடாதீங்க, அவசரமா பணம் வேணும்" என்று இருந்தது. சின்ன வயதில் ‘தங்க அத்தை’ என்று வாயில் வராமல் நான் சொன்ன மழலை அது. குடும்பத்தில் வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அத்தை பணம் அனுப்பக் கிளம்பியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றியது எங்கள் நல்ல நேரம்.

உடனே அந்தக் கணக்கைத் தேடினேன். கிடைக்கவில்லை. இப்படிச் செய்பவர்கள் யாருடைய பெயரில் கணக்கு தொடங்குகிறார்களோ அவரைத்தான் முதலில் பிளாக் செய்வார்களாம். அவர் கண்ணில் படவே கூடாதல்லவா. அதனால் அத்தையும் அத்தை மகனும் தங்கள் போனிலிருந்து ரிப்போர்ட் செய்தார்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்தின் லிங்க்கைக் காப்பி செய்து எனக்கு அனுப்பச் சொன்னேன். காட்டும் பெயரையும் படத்தையும் நொடியில் மாற்றிவிடலாம்; லிங்க் கையில் இருந்தால் எந்தக் கணக்கு என்பதில் குழப்பம் வராது.

முதல் ரிப்போர்ட்டுக்கு ‘எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று பதில் வந்தது. அன்று இரவு நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் கவனித்தோம்: அத்தை மகன் ‘மோசடி’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். ‘வேறொருவர் போல் நடிக்கிறார்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த வேறொருவர் நான்தான் என்று என் உண்மையான கணக்கைக் காட்ட வேண்டும். நான்கு பேர் அப்படிச் செய்தார்கள். நானும் உதவிப் பக்கத்தில் இருந்த படிவத்தில் அடையாள அட்டை கொடுத்தேன். மூன்றாம் நாள் கணக்கு போய்விட்டது. அதுவரை உறவில் இருக்கும் பெரியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். பதிவு போட்டால் மட்டும் போதாது, பாதிப் பேர் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் ‘தங்கத்தை’ எப்படித் தெரிந்தது? அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து, என் கணக்கில் லாகின் செய்யாமல், யாரோ ஒரு அந்நியர் தேடுவதுபோல் என் பெயரைத் தேடினேன். அரைமணி நேரத்தில் எல்லாம் கிடைத்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் அத்தையின் பிறந்தநாளுக்கு நான் போட்ட படம், பப்ளிக். அதன் கீழே, "என் தங்கத்தைக்கு ஆயிரம் முத்தங்கள்." அடுத்த வரியில் அத்தை தன் சொந்தக் கணக்கிலிருந்து இதயம் போட்டிருக்கிறார். மருத்துவமனைக் கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு நான் இருக்கும் படமும் பப்ளிக். என் நட்புப் பட்டியல் முழுவதும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்தது. யாரும் என் கணக்கை ஹேக் செய்யவில்லை. மூன்று இடங்களில் கிடந்ததை எடுத்து ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வாரம் மாலை நேரங்கள் முழுவதும் இந்த வேலைக்கே போயின. ஃபேஸ்புக்கில் நம்மைப் பற்றி இருக்கும் தகவல்களின் நகலைக் கேட்டு வாங்கலாம். காலவரம்பில் எல்லா வருஷங்களையும் சேர்க்க வேண்டும். வடிவத்தில் எச்டிஎம்எல் என்று கொடுத்தால் சாதாரணப் பக்கம்போலத் திறந்து படிக்கலாம். கேட்டவுடன் வராது, தயாரானதும் தகவல் வரும்.

அதற்குள் நான் பதிவேற்றிய தொடர்புகள் என்று ஒரு பக்கம் இருந்தது. என் பழைய போனின் முகவரிப் புத்தகம் அப்படியே வரிசையாக. ‘தாத்தா வீடு’, ‘பிளம்பர்’, ‘பாப்பா டீச்சர்’, ‘கனகா அக்கா புது நம்பர்’. தாத்தா இறந்து பல வருஷம் ஆகிறது. இவர்களில் யாரையும் கேட்டு நான் அந்த எண்களைக் கொடுக்கவில்லை. ‘நண்பர்களைக் கண்டுபிடிக்க’ என்ற பொத்தானை எப்போதோ தட்டியிருக்கிறேன். என் தகவல் போனதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. 2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் இணையத்தில் வெளியானபோது, அவை தொலைபேசி எண்ணை வைத்து நண்பர்களைத் தேடும் அதே வசதியின் வழியாக 2019 செப்டம்பருக்கு முன் திரட்டப்பட்டவை என்று அந்த நிறுவனம் சொன்னது. அப்போது செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்திருந்தேன்.

பதிவேற்றிய தொடர்புகளை மொத்தமாக நீக்கினேன். ஆனால் போன் ஆப்பில் தொடர் பதிவேற்றத்தையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் அது மறுபடியும் ஏற்றிக்கொள்ளும்.

மற்றதெல்லாம் கொஞ்சம் வேகமாகவே முடிந்தது. ஃபேஸ்புக்கில் பழைய பப்ளிக் பதிவுகள் அனைத்தையும் ஒரே தட்டலில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். திரும்ப வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், ஆனால் எனக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. நட்புப் பட்டியலை ‘நான் மட்டும்’ என்று வைத்தேன். இந்த ஒன்றை முன்பே செய்திருந்தால் யாருக்கெல்லாம் செய்தி அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. வாட்ஸாப்பில் முகப்புப் படம் என் தொடர்புகளுக்கு மட்டும். குழுவில் சேர்க்கும் உரிமையும் அவர்களுக்கு மட்டும். இருபடிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க ரகசிய எண். இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலில் நான் விட்டுவந்த பழைய அலுவலகக் கணினி இன்னும் இருந்தது. அதை வெளியேற்றினேன்.

லாகினுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை விட்டு, ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறினேன். நம் எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவருக்குப் போகும். ஆப்பில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண் நம் போனிலேயே உருவாகிறது. இதை அமைக்கும்போது அந்தந்தத் தளம் தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பீரோவில் வைத்தேன். போன் தொலைந்தால் அதுதான் கதி. நம் மின்னஞ்சல் ஏதாவது தகவல் கசிவில் சிக்கியிருக்கிறதா என்று காட்டும் தளம் ‘ஹாவ் ஐ பீன் போன்ட்’; இணையப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹண்ட் 2013இல் தொடங்கியது. அதில் என் மின்னஞ்சலைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கசிவுகளில் இருந்தது. கசிந்த கணக்கின் கடவுச்சொல்லையே வேறு ஐந்து இடத்திலும் வைத்திருந்தேன், ஐந்தையும் மாற்றினேன்.

இவ்வளவும் என் கையில் இருந்தவை. மற்றவர்கள் போட்டதற்கு என்ன செய்வது? என்னை டேக் செய்யும் பதிவுகளை நான் பார்த்து அனுமதிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது என் பக்கத்தில் தெரிவதை மட்டுமே தடுக்கும். போட்டவர் பக்கத்தில் படம் அப்படியே இருக்கும். என் மகள் பள்ளி அடையாள அட்டை கழுத்தில் தொங்க நிற்கும் ஒரு படம், பெரிதாக்கினால் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் படிக்கலாம், மூன்று உறவினர்கள் பக்கத்தில் இருந்தது. கோபமாகக் கேட்காமல், நடந்ததை முழுசாகச் சொல்லிக் கேட்டேன். இரண்டு பேர் அன்றே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது என் சித்தப்பா. அந்தக் கணக்கைத் தொட்டே நான்கு வருஷம் ஆகிறதாம், கடவுச்சொல் நினைவில்லை. அதோடு பதிந்த எண்ணும் இப்போது அவரிடம் இல்லை. பழைய மின்னஞ்சல் ஒன்று மட்டும் திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன், அதை வைத்து முயற்சி செய்ய.