டாக்டர் ஓட்டிய வண்டி

நேற்றுக் காலை ஆறே கால் மணிக்கு, கடலூரை அடுத்த திருவந்திபுரம் சாலையில், மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், எங்கள் கார் தானாகவே ஹாரன் அடிக்கத் தொடங்கியது. ஆனி மாதத்து முகூர்த்த நாள். எங்களுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வேன் ஒன்று, அதற்கு முன்னால் நாதஸ்வரக்காரர்களை ஏற்றிய ஆட்டோ. அவர்கள் அத்தனை பேரும் திரும்பி, பொறுமையில்லாதவன் எவன் என்று என்னைப் பார்த்தார்கள். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். அதைக் கும்பிடு என்று எடுத்துக்கொண்ட பெரியவர் ஒருவர் பதிலுக்குக் கும்பிட்டார். அடுத்து, ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தின் கீழ் வைப்பர் இரண்டும் வேகமாக ஆடத் தொடங்கின. அதற்கும் அடுத்து எஞ்சின் நின்றது. ஹாரன் மட்டும் நிற்கவில்லை.

கூட வந்த சின்ன மச்சான், எதையும் தானே ரிப்பேர் பார்த்துவிட நினைக்கிறவர். மிக்ஸி விஷயத்திலேயே எங்கள் வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்தாயிற்று. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தவர், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டே வந்தார். ஏழாவது ஃபியூஸில் ஹாரன் அடங்கியது. எந்தக் குழியில் எது இருந்தது என்று கேட்டதற்கு, அதையெல்லாம் ஹாரன் அடிக்கிற சத்தத்தில் யாரால் கவனிக்க முடியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்த அமைதியில் என் கைப்பேசி சிணுங்கியது. இந்த மாதத் தவணை 10,133 ரூபாய் தங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்று செய்தி. அந்த ஃபைனான்ஸ்காரர்கள் மற்றெந்த விஷயத்திலும் அவ்வளவு நேரம் தவறாதவர்கள் அல்லர்.

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம் என்பதையும், நடந்து வந்ததற்குக் காரணம் பெட்ரோல் விலை என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லிவிட்டார் என்பதையும் இங்கே விவரிக்க எனக்கு மனமில்லை.

இந்த வண்டியைப் போன வருடம் ஆவணியில் பாண்டிச்சேரியில் வாங்கினோம். "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்" என்றார் புரோக்கர். அன்று அவர் காட்டிய ஆறு வண்டிகளில் நான்கு டாக்டர் ஓட்டியவை. ஜிப்மரில் வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் ஆளுக்குப் பத்து கார் வைத்திருந்து, அவற்றை நோயாளிகளைப் பார்க்கக்கூட எடுக்காமல், வாரம் ஒருமுறை பீச் ரோட்டில் மெதுவாக உருட்டிவிட்டுத் துடைத்து வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். டாக்டர் வீடு கிருஷ்ணா நகரில் இருக்கிறது என்று புரோக்கர் பெருமையோடு இரண்டு முறை சொன்னார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பாண்டிச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், அதே கிருஷ்ணா நகரில் ராணுவம் படகு விட்டு ஆட்களை மீட்டதும், அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் உச்சுக் கொட்டியதும் எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நான் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விலை 4,10,000 ரூபாய். கையிலிருந்து 90,000 போக மீதி 3,20,000 கடன். "வெறும் 13 பர்சென்ட்தான் சார்", 48 டியூ. அந்த 13 சதவீதம் பிளாட் வட்டி என்பதையும், கடைசி டியூ கட்டுகிற நாள் வரை முழு 3,20,000-க்கும் அது ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி கண்டுபிடித்தாள். நான்கு வருடத்துக்கு வட்டி மட்டும் 1,66,400. குறைகிற அசலுக்கு வட்டி போடுகிற முறையில் பார்த்தால் இது 22 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று பால் கணக்கு எழுதும் காலண்டரின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டிவிட்டு, அவள் எதுவும் பேசாமல் தோசை ஊற்றப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இதுவரை 11 டியூவில் 1,11,463 ரூபாய் கட்டியிருக்கிறேன்; இன்றைக்கே கடனை முடித்துக்கொள்கிறேன் என்று கேட்டால், அசல் பாக்கி மட்டும் 2,69,000 சொச்சம், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் தனி என்கிறார்கள். இதே வண்டிக்கு அதே புரோக்கர் நேற்று மாலை தொலைபேசியில் சொன்ன விலை 1,60,000. டாக்டர் ஓட்டிய வண்டிதானே என்று நினைவூட்டினேன். "இப்ப நீங்கல்ல சார் ஓட்டியிருக்கீங்க" என்றார்.

ரிப்பேர்க் கணக்கு வேறு. கிளட்ச் 11,400, ஏ.சி. 18,500, ஆல்டர்நேட்டர் 7,200, இடது பக்கக் கண்ணாடி இறக்கும் மோட்டார் 3,800. ஆக 40,900, லேபர் உட்பட. பாண்டிச்சேரிப் பதிவான பி.ஒய். எண் வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும் என்பதால், அடுத்த மாதம் அந்தச் செலவு; அதற்கு ஃபைனான்ஸ்காரரிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்; அவர் அதற்கும் ஒரு தொகை சொல்லுவார். மாமனாரோ, பாண்டிச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதற்காக வாரந்தோறும் முள்ளோடை வரை வண்டியை ஓட்டச் சொல்லி, கூடவே வந்து டேங்கை நிரப்பி, திரும்பும்போது மிச்சம் பிடித்த தொகையை எனக்கு விளக்கிக்கொண்டு வருகிறார். போய்வருகிற பெட்ரோலை அவர் எப்போதும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருக்கும் எனக்கு வண்டி விற்றவருக்கும் எங்கோ ஓர் உறவு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வண்டிப்பாளையம் மெக்கானிக்கிடம் கொண்டு சேர்த்தோம். பக்கத்திலேயே கரையேறவிட்டகுப்பம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட நாவுக்கரசர் மிதந்து வந்து கரையேறிய இடம் என்று அம்மா காருக்குள்ளிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். நாவுக்கரசருக்கு ஏழாம் தேதி டியூ கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். வழக்கமாக நாம் இழுக்கிற அளவு வந்ததும் நிறுத்தாமல், கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல மேலும் மேலும் இழுத்தார். முதல் பாதி கறுப்பு. பிறகு ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் பெல்ட் முழுவதும் செம்மண் நிறம். பதினொரு மாதமாக அதை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் இழுத்துக் கட்டுகிற உடம்பு எங்கள் குடும்பத்தில் பெரிய மச்சானுக்கு மட்டும்தான் உண்டு, அவரோ பெல்ட் போடுவதைத் தன்மானப் பிரச்சினையாகக் கருதுகிறவர். மெக்கானிக் அடுத்ததாகத் தரைவிரிப்பின் ஓரத்தைப் பிடித்து உரித்தார். அடியில் பாளம் பாளமாக வெடித்த வண்டல். சீட் தண்டவாளத்தில் துரு. வயர்கள் சேருகிற கனெக்டரைக் கழற்றினால் செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறியதுபோல் பச்சை. அதுதான் ஹாரனையும் வைப்பரையும் தானாக இயக்கிவிட்டதாம். வண்டல் பாளத்துக்குள் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு நத்தைக் கூடு இருந்தது.

"சார், இது ஓடின கிலோமீட்டர விட நீந்தினது அதிகம். வயரிங் முழுசும் மாத்தணும். 32,000 ஆகும், 15,000 அட்வான்ஸ் குடுத்துடுங்க" என்றார். வாங்குவதற்கு முன் இந்த பெல்ட்டை ஒருமுறை கடைசி வரை இழுத்துப் பார்த்திருக்கலாமே என்று அவர் கேட்டபோது, சின்ன மச்சான் மடியிலிருந்த ஏழு ஃபியூஸ்களையும் எடுத்துப் பவ்வியமாக அவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த 15,000, வீட்டுக்கு வெள்ளையடிக்க எடுத்து வைத்திருந்த பணம். அதே புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்களே, அந்தத் தண்ணீர் தென்பெண்ணை கொள்ளாமல் குண்டு உப்பலவாடியில் நம் தெருவுக்குள் வந்தபோது அம்மா எதிர்வீட்டு மொட்டைமாடியில் இரண்டு நாள் இருந்தாள். தண்ணீர் வடிந்தபின் கூடத்துச் சுவரில் விட்டுச்சென்ற கோடு இன்றைக்கும் இருக்கிறது, அப்பா படத்துக்கு ஒரு முழம் கீழே. தீபாவளிக்கு அடித்துவிடலாம் என்றேன், பொங்கலுக்கு என்றேன், சித்திரைக்கு என்றேன். ஒவ்வொரு முறையும் கிளட்சோ ஏ.சி.யோ முந்திக்கொண்டது.

நான் மெக்கானிக்கிடம் 12,000-க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா மெல்ல எழுந்து வந்து, அந்த பெல்ட்டைக் கையில் பிடித்துக் கோடு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கதவின் படியிலிருந்து கோடு வரை கையால் முழம் போட்டாள். "நம்ம செவுத்துல இருக்கிற அதே கோடுடா" என்றாள். கிருஷ்ணா நகர்த் தண்ணீரும் நம் ஆற்றுத் தண்ணீரும் ஒன்றல்ல என்று நான் விளக்கத் தொடங்கியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வித்துப்புடாத. அதுவும் பாவம், தண்ணியில நின்னிருக்கு" என்றாள். என் மனைவி, காலண்டரின் பின்பக்கத்தில் அவ்வளவு கணக்குப் போட்டவள், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து 15,000-ஐ எடுத்து எண்ணி மெக்கானிக்கிடம் கொடுத்தாள்.

எல்லாரும் ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். இன்று காலை எழுந்து பார்க்கிறேன், அப்பா படத்துக்கு அடியில் உள்ள சின்னப் பலகையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், அந்த நத்தைக் கூடு கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏனம்மா என்று கேட்கலாமா வேண்டாமா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது மெக்கானிக் அழைத்தார். "சார், டேஷ்போர்டைக் கழட்டிட்டேன். இன்னும் மண்ணு வருது."