73 சதவீதம் என்ற எண்

"1970-க்குப் பிறகு உலகின் காட்டு விலங்குகளில் 73 சதவீதம் அழிந்துவிட்டன" என்ற செய்தியை நானும் நம்பிப் பகிர்ந்திருக்கிறேன். உலக இயற்கை நிதியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைத் திறந்து படித்த பிறகே, கண்காணிப்பில் உள்ள ஏறத்தாழ 35,000 முதுகெலும்புள்ள உயிரினக் கூட்டங்களின் (ஒரு கூட்டம் என்பது ஓர் இனத்தைச் சேர்ந்த, ஒரு பகுதியில் வாழும் விலங்குகள்) அளவு 2020 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் சராசரியாக அவ்வளவு சரிந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள் என்று விளங்கியது. 10 விலங்குகள் கொண்ட கூட்டம் ஒன்றாகக் குறைந்து, 1,000 கொண்ட கூட்டம் 900 ஆனால், சராசரிச் சரிவு மிகப் பெரிதாகத் தெரியும்; மொத்தத்தில் மறைந்தவையோ சுமார் 11 சதவீதமே. இழப்பு உண்மையானது, கவலைக்குரியதும்கூட. அதனாலேயே அதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

ஓர் இனத்தின் நிலையை அறிய, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் பேணிவரும், இனங்களை அழிவு ஆபத்தின்படி வகைப்படுத்தும் சிவப்புப் பட்டியலையே முதலில் பார்க்கிறேன். அங்கும் மதிப்பீடு செய்யப்பட்ட ஆண்டைக் கவனிப்பது அவசியம். ராட்சத பாண்டாவின் ஆபத்து நிலை 2016-இலேயே ஒரு படி குறைக்கப்பட்ட பின்னும், பழைய தகவலே பல பக்கங்களில் திருத்தப்படாமல் கிடக்கிறது.

காடுகளைப் பற்றிய செயற்கைக்கோள் வரைபடங்களில் காணும் 'மரப்போர்வை இழப்பு' என்பதில் தோட்ட மரங்களின் அறுவடையும் காட்டுத்தீயும்கூட அடங்கும்; எனவே அது முழுவதையும் காடழிப்பு என்று சொல்லிவிட முடியாது.