ஆர்-12 நின்ற கதை

ஈரோட்டில் 1989-லிருந்து ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறேன். அப்போதெல்லாம் கம்ப்ரசர் மாற்ற வேண்டுமென்றால் முதல் வேலை, உள்ளே குளிரூட்டும் ஆர்-12 கேஸை வெளியே விடுவது. டியூபை வெட்டினால் உஸ்ஸென்று போய்விடும். தீப்பிடிக்காத கேஸ், நாங்கள் பயப்படவே இல்லை. அதிலுள்ள குளோரின் மேலே போய் ஓசோனை அழிக்கிறது என்று பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். எத்தனை ஃபிரிட்ஜ் வெட்டியிருப்பேன் என்று அன்று ராத்திரி மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

கேஸை வீணாக்காமல் சிலிண்டரில் பிடிப்பது, வேக்யூம் பம்ப் போட்டு ஈரத்தை எடுப்பது, ஆர்-12-க்குப் பதிலாக வந்த 134ஏ கேஸுக்கு ஆயிலே வேறு என்பது, எல்லாம் அங்கே கற்றதுதான். நான் ஒரு பைசா கட்டவில்லை. பணம் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். ஓசோனைக் காக்க நாடுகள் போட்ட மாண்ட்ரியால் ஒப்பந்தத்தின் நிதி, பணக்கார நாடுகள் கட்டுவது என்றார்கள்.

அந்த ஒப்பந்தம் 1987-ல் வந்தது. பணமும் தொழில்நுட்பமும் தராமல் சேர மாட்டோம் என்று இந்தியாவும் சீனாவும் நின்றன. 1990-ல் லண்டனில் கூடி நிதியை ஏற்படுத்திய பிறகு, 1992-ல் நாம் சேர்ந்தோம். சேராத நாட்டோடு இந்த கேஸ் வியாபாரம் கிடையாது என்ற விதியும் இருந்தது. ஆர்-12 போன்ற கேஸ்களை நிறுத்த நமக்கு 2010 வரை கெடு. கெடு நெருங்க நெருங்க ஆர்-12 சிலிண்டர் கிடைப்பதே அரிதாகிவிட்டது. எந்த அதிகாரியும் என் கடைக்கு வந்து மிரட்டவில்லை.

அதனால்தான், மாநாடு என்றாலே வெட்டிப்பேச்சு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பருவநிலை மாநாடுகளைப் பார்த்தாலும் கோபம்தான். 2020-க்குள் பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்கு வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் தரும் என்று 2009-ல் கோபன்ஹேகனில் சொன்னார்கள். அந்தத் தொகையை எட்டியது 2022-ல். ஆர்-12 மாதிரி கேஸ் தயாரித்தவை சில கம்பெனிகள், மாற்று கேஸும் கையில் இருந்தது. நிலக்கரியும் பெட்ரோலும் அப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்ன பணத்தைச் சொன்ன தேதியில் கொடுக்க என்ன தடை?

ஓசோனுக்கு நல்லதென்று வந்த 134ஏ, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிறது. அந்த வகை கேஸ்களையும் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் முடிவெடுத்தார்கள். தங்கச்சி மகன் இப்போது என் கடையில் 600ஏ ஃபிரிட்ஜ் பார்க்கிறான். அது தீப்பிடிக்கும் கேஸ். டார்ச்சைப் பற்றவைக்கும் முன் கேஸ் லைன் காலியா என்று இரண்டு தடவை பார்க்கச் சொல்லி, முதல் மாதம் முழுக்க அவன் பக்கத்திலேயே நின்றேன். அவனுக்கு இன்னும் வகுப்பு எதுவும் கிடைக்கவில்லை.