மாமாவின் படகை நரைக்க விடாதவர்கள்

சின்ன மாமா நோர்வேயின் பேர்கனுக்குத் திரும்பிவிட்டார். படகு மட்டும் முல்லைத்தீவின் நாயாற்றுக் கரையில், மீன்பிடித் தொழில் நடத்தும் சம்மாட்டியாரின் வாடிக்கு (கரையோரக் கொட்டிலுக்கு) முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதனைப் பற்றிய கவலையையும் அவர் கையோடு கொண்டுபோயிருக்கலாம். 30 கிலோவுக்கு மேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அதை என் தலையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

மாமாவை அறிந்தவர்கள், அவர் ஊரார் வைத்திருக்கும் படகைப் போன்ற ஒன்றை வாங்குவார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கரையில் கிடப்பவை எல்லாம் நீலமும் மஞ்சளுமாகப் பூசப்பட்ட பைபர் படகுகள். மீன் செதிலும் வலையும் ஈயக்குண்டும் நாள் முழுவதும் கிடந்தாலும், மாலையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினால் சுத்தமாகிவிடுபவை. மாமாவும் பைபர் படகைத்தான் வாங்கினார். ஆனால் அதன் மேல்தளத்தில் தேக்குப் பலகை பரப்பியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நோர்வேயில் பாய்ப்படகுகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை அது என்றார். எங்கள் வளவின் மேற்கு மூலையில் அம்மப்பா நட்ட தேக்கு யாருக்குச் சேரும் என்று அம்மாவுக்கும் அவருக்கும் நெடுநாளாக இருந்துவந்த வழக்கு, மரம் படகாகிவிட்டால் தானாகவே தள்ளுபடியாகிவிடும் என்பதுதான் உண்மையான காரணம் என்று அம்மா சொல்கிறார்.

மரத்தைத் தறிப்பதற்கு ஓர் அனுமதி, தறித்ததை மரம் அறுக்கும் மரக்காலைக்கு ஏற்றுவதற்கு ஓர் அனுமதி, அறுத்த பலகையைக் கரைக்குக் கொண்டுபோவதற்கு ஓர் அனுமதி என்று அவர் அலைந்த கதையை விரித்தால் இந்தப் பதிவு படகை வந்தடையாது. முள்ளியவளையில் அரசாங்கம் நட்ட தேக்கங்காட்டை அடுத்து வாழ்பவர்களுக்கு, சொந்த வளவுத் தேக்கு சொந்தத் தேக்குத்தான் என்று நிரூபிப்பதன் சிரமம் நன்றாகத் தெரியும். தேக்கந்தளிரைக் கசக்கிக் கையைச் சிவப்பாக்கிக்கொண்டு, காயம் பட்டுவிட்டது என்று காட்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஓடிய தலைமுறை நாங்கள். அதே மரத்துக்காக இப்போது அலுவலக வாங்குகளில் வரிசையாக இருந்து கையெழுத்துக்குக் காத்திருந்தோம்.

படகு கட்டும் ஓடாவியார் திறமைசாலி. வெளிறிய வெள்ளைப் பகுதியைக் கழித்துவிட்டு, எண்ணெய்ப் பிடிப்புள்ள வைரத்தை மட்டும் எடுத்தார். மரத்தின் வரிகள் நெருங்கி நேராக ஓடும்படி பலகையை அறுப்பித்தார். அப்படி அறுத்த பலகைதான் மிதிபடும்போது சீராகத் தேயும், வெயிலில் கோணாது. இடுக்குகளில் பஞ்சை இறுக்கிக் கலப்பத்து அடிக்கத் தயாராக வந்தவரிடம், மாமா கொழும்பிலிருந்து எடுப்பித்த கரிய பொலியூரிதேன் பசைக் குழாய்களைக் கொடுத்து, அது ரப்பராக இறுகிப் பலகை சுருங்கினாலும் விரிந்தாலும் கூடவே இழுபடும் என்று விளக்கினார். ஓடாவியார் அதை மோந்து பார்த்து, "சயிக்கிள் ரியூப் ஒட்டுற சொலூசன் மணக்குது" என்று தமது கருத்தைப் பதிவு செய்துவிட்டு, வேலையை மிக ஒழுங்காக முடித்துக் கொடுத்தார்.

முடிந்தபோது தளம் தேன் நிறத்தில் இருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பங்கு வழக்கில் தோற்றவர் அப்படி ஏறியதைக் கண்டு மாமா ஒரு நாள் முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தார்.

சிக்கல் இவ்வாண்டு தொடங்கியது. விடுமுறைக்கு வந்த மாமாவை நேரே கரைக்கு அழைத்துச் செல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. ஓராண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்த தளம், தேன் நிறத்தை எல்லாம் தொலைத்துவிட்டுச் சாம்பல் பூத்துப் போயிருந்தது. அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ முழங்காலில் குந்தி, பலகையை உள்ளங்கையால் தடவி, "பார்த்தியோ, வெள்ளி மாதிரி வந்திட்டுது" என்று பூரித்துப் போனார். தேக்குத் தளம் நரைப்பது நோயல்ல என்றும், அதுவே அதன் முறையான நிறம் என்றும் கரையில் நின்றவர்களுக்கு விரிவுரை நடத்தினார். இரசாயனம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் என்னையும் சாட்சிக்கு இழுத்தார். புறவூதாக் கதிர்கள் மேற்பரப்பில் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் இலிக்னினைச் சிதைக்கின்றன, மழை அதைக் கழுவிவிடுகிறது, எஞ்சும் நார்கள் சாம்பலாகத் தெரிகின்றன, அதற்குக் கீழே மரம் முழு உறுதியுடன் இருக்கிறது என்று நானும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த சம்மாட்டியார், "மரம் நரைச்சா உக்கப்போகுது எண்டு அர்த்தம்" என்று ஒரே வாக்கியத்தில் இரசாயனத்தை முடித்துவைத்தார்.

மாமாவின் பராமரிப்பு முறை, பார்க்கப்போனால், ஒன்றும் செய்யாமலிருப்பதற்கு மிக அருகில் நிற்பது. வாரத்துக்கு ஒரு முறை கடல் தண்ணீரை அள்ளி ஊற்ற வேண்டும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் பலகை வறண்டு வெடிக்காது, பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. அழுக்கு இருந்தால் மென்மையான தும்புத் தூரிகையால், அழுத்தாமல், மரவரிக்குக் குறுக்காக மட்டும் தேய்க்க வேண்டும். வரியோடு தேய்த்தால் வரிகளுக்கு இடையிலுள்ள மெதுவான பகுதி அரிபட்டுப் போய், பலகை மேடும் பள்ளமுமாகி, பள்ளத்தில் அடுத்த அழுக்கு குடியேறும். அரத்தாள் போட்டால் ஒவ்வொரு முறையும் பலகை மெலியும். வார்னிஷ் பூசினால் நனைந்தவுடன் வழுக்கும். தேக்கெண்ணெய் என்று போத்தலில் விற்பதைப் பூசினால் சில மாதங்களில் கறுத்துவிடும், பிறகு பூசிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதிகள். இவற்றில் கடல் தண்ணீரை மட்டும் எங்கள் வீடு உடனே ஏற்றுக்கொண்டது. சிலாவத்தையில் எடுத்த கடல் தீர்த்தத்தில் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிவதையும், அந்த விளக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போவதையும் ஒவ்வொரு வைகாசியிலும் பார்த்தவர்களுக்கு உப்புத் தண்ணீரின் மகிமையைச் சொல்ல நோர்வேயிலிருந்து ஒருவர் வர வேண்டியதில்லை என்றார் அம்மா.

ஆனால் வன்னியில் ஒரு பொருளைச் சும்மா விடுவது என்பது நடக்கிற காரியமா? அம்மா குத்துவிளக்குக்குப் போடுகிற பழப்புளியை ஒரு சட்டி கரைத்து வைத்துக்கொண்டு மாமா குளிக்கப் போகும் நேரத்துக்காகக் காத்திருந்தார். கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூள் எல்லாக் கறைக்கும் நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா பரிந்துரைத்தார். அது மரநாரையும் இடுக்குப் பசையையும் சேர்த்துத் தின்னும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. வாகனம் கழுவும் இடம் வைத்திருக்கிற மச்சான், உழவு இயந்திரத்தின் சில்லிலிருந்து வயல் சேற்றைப் பிடுங்குகிற நீர்ப்பம்பியை லாண்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஒரு சதமும் வேண்டாம் என்று கரைக்கே வந்துவிட்டான். அந்த வேகத்தில் தண்ணீர் அடித்தால் தேக்கின் மெதுவான நார்கள் பறந்துவிடும் என்று மாமா தளத்தின் மேல் கைகளை விரித்துப் படுத்துவிட்டார். வேலிக்கட்டைகளுக்குக் கறையான் ஏறாமல் கழிவு ஒயில் பூசுகிற இன்னொருவர், ஒரு கலன் தருவதாகச் சொன்னார். அதற்கு மாமா பதிலே சொல்லவில்லை.

என்னிடமும் ஒரு வேண்டுகோள் வந்தது. வெளிநாட்டில் தேக்குத் தளத்துக்கு இரண்டு படியாகப் போடுகிற கழுவுநீர் உண்டு. முதலில் காரம் அழுக்கைக் கிளப்பும், பிறகு ஒட்சாலிக்கமிலம் நிறத்தை வெளுப்பிக்கும். "உன்ர பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில ஒட்சாலிக்கமிலம் இருக்குமெல்லோ?" என்று மாமா மெதுவாகக் கேட்டார். இருக்கிறது. உயர்தரப் பிள்ளைகள் அதைச் சூடாக்கி, பொட்டாசியம் பரமங்கனேற்றைத் துளித்துளியாக விட்டு, மெல்லிய இளஞ்சிவப்பு வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதற்காக இருக்கிறது. கறை போக்குகிற அந்த மருந்து மரத்தையும் கொஞ்சம் கரைக்கும் என்பது அவருக்கே தெரியும் என்பதால், பாடசாலைச் சொத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை நான் அதிகம் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

சம்மாட்டியாரை வெல்வதற்கு மாமா கடைசியாக எடுத்த ஆயுதம் வரலாறு. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் தாம் ஏறிப் பார்த்த கப்பலின் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினார். திருக்கோணமலையின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி, ஓக்கு மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் பம்பாயில் தேக்கால் கட்டப்பட்டு 1817இல் தண்ணீரில் இறக்கப்பட்டது, இன்றும் மிதக்கிறது. அந்தக் காலத்துக் கடற்படைச் சிப்பாய்கள் முழங்காலில் நின்று மணற்கல்லால் கப்பல் தளங்களைத் தேய்த்தார்கள் என்பதையும், அப்படித் தேய்த்தே தளங்கள் மெலிந்து போயின என்பதையும் உணர்ச்சியோடு விவரித்தார். சம்மாட்டியார் படத்தை நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார். "இருநூறு வருசம் நிக்குதெண்டா என்னவோ பூசித்தான் இருப்பாங்கள். என்ன எண்ணெய் எண்டு கேட்டனியோ?" என்றார். மாமா கேட்டிருக்கவில்லை.

அதற்கடுத்த கிழமையில் ஒரு காலை, மாமா கரைக்குப் போனபோது தளம் கறுப்பாக மின்னியது. நாயாற்றுக் கரையிலுள்ள பூனைகள் அனைத்தும், கொக்கிளாயிலிருந்து விருந்துக்கு அழைக்கப்பட்டவையும் சேர்ந்திருக்கலாம், அதை நக்கிக்கொண்டிருந்தன. காகங்கள் முறைக்குக் காத்திருந்தன. பூனைகளை விரட்ட அவசரமாக ஏறிய மாமா, ஏறிய வேகத்திலேயே முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான கடையார் வரை முதுகால் பயணம் செய்தார். சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெய். பழைய மரவள்ளங்களுக்குப் பூசுவது. அதன் வாசனையை அறியாதவர்களுக்கு எழுத்தில் உணர்த்த முடியாது. அறிந்தவர்களுக்கு உணர்த்துவது பாவம். அன்று அம்மா மாமாவைப் படலைக்குள்ளேயே விடவில்லை. பின்பக்கத்து வேலியைப் பிரித்து, நேரே கிணற்றடிக்கு அனுப்பினார்.

சம்மாட்டியார் எதையும் மறைக்கவில்லை. இரவு ரோச்சு லைற்றைப் பிடித்துக்கொண்டு தனியே பூசியதாகச் சொன்னார். "ஒவ்வொரு முறையும் என்ர முழங்காலுக்கு மீனெண்ணெய்க் குளிசை கொண்டுவாறாய், தம்பி. நான் உன்ர படகுக்குக் குடுத்தன். இதில என்ன பிழை?" நோர்வேயின் மீனெண்ணெயைப் பற்றி ஊரெல்லாம் பிரசங்கம் செய்தவரால் இதற்கு மறுமொழி சொல்ல முடியவில்லை. அதனால் கோபம் இரட்டிப்பானது. சம்மாட்டியாரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை அவருக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னார், அவரும் மறுமொழியை என்னிடமே சொன்னார்.

அந்த நிலையில்தான் சம்மாட்டியார், என்னைப் பார்த்து, அம்மப்பாவின் வள்ளத்தைப் பற்றிச் சொன்னார். மாமா நாட்டைவிட்டுப் போன பிறகு அந்த வள்ளம் சம்மாட்டியார் பொறுப்பில் கிடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். ஓட்டுவதற்கு ஆளில்லாத வள்ளத்துக்கு அவர் ஒவ்வோராண்டும் வாடைக்காற்று தொடங்குவதற்கு முன் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்திலும் சுறா எண்ணெய் தேடிப் பிடித்திருக்கிறார். 2004 மார்கழி 26 காலை கடல் அதைக் கொண்டுபோனது. "கடல் கொண்டுபோகேக்கையும் அதில ஒரு பலகை உக்கியிருக்கேல்லை. திரும்பி வந்து கேட்டா, வச்சிருக்கிறன் எண்டு குடுக்கத்தானே பூசினனான்" என்றார். அவர் தமது வீட்டையும் அந்தக் காலையில்தான் இழந்தார். அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாமா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, "அண்ணை, அந்த எண்ணெய் இன்னும் மிச்சம் கிடக்கோ?" என்று நேரடியாகவே கேட்டார்.

விடுமுறையின் எஞ்சிய நாட்களில் மென்மையான சவர்க்கார நீராலும் கடல் தண்ணீராலும், வரிக்குக் குறுக்காக, அவரும் நானும் ஓடாவியாரின் மகனும் தேய்த்துத் தேய்த்துத் தளத்தின் பின்பாதியை எண்ணெயிலிருந்து மீட்டோம். அணியப் பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டாம் என்று மாமா தடுத்துவிட்டார். அது சம்மாட்டியாரின் பகுதியாம். ஆகவே இப்போது படகின் முன்பாதி கரும்பூனை நிறத்திலும் பின்பாதி மங்கிய வெள்ளியிலும் இருக்கிறது. கரைக்கு வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்டால், பூச்சு வாங்கக் காசு போதவில்லை என்று ஓடாவியார் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இரு பகுதிகளையும் பேணி, வாரந்தோறும் படமெடுத்து அனுப்ப வேண்டியவன் நான். தேக்கு நனைந்திருக்கும்போது நரை மறைந்து பழைய தேன் நிறம் எழும்பும். காய்ந்த பிறகுதான் உண்மையான நிறம் தெரியும். நான் படமெடுக்கப் போவது தெரிந்தால் சம்மாட்டியார் பின்பாதியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, "இப்ப எடு, வடிவாக் கிடக்கு" என்கிறார். படத்தைப் பார்த்த மாமா, ஈரத்தில் எடுத்தது செல்லாது, நன்றாகக் காய்ந்த பிறகு எடுத்து அனுப்பு என்று நேற்று இரவும் எழுதியிருக்கிறார். இங்கே வாடை தொடங்கி, விடாமல் மழை பெய்துகொண்டிருக்கிறது.