மெனோபாஸ் வறட்சிக்கு எனக்கு ஒத்துப்போன ஜெல்

எனக்கு 52 வயது. பீரியட்ஸ் முழுதாக நின்ற பிறகு எனக்கு வந்த பெரிய தொல்லை, எல்லோரும் சொல்லும் உடம்புச் சூடோ வியர்வையோ இல்லை. பிறப்புறுப்பில் வறட்சி. தாம்பத்தியத்தின்போது உரசி எரியும், மறுநாள் சிறுநீர் போகும்போது கடுக்கும். தில்லைநகரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை ஸ்கூட்டி ஓட்டினால்கூடச் சில நாள் அந்த இடத்தில் உரசல் தெரியும். கூடப்பிறந்தவர்களிடம்கூட இதைப் பேச வாய் வருவதில்லை என்பதால்தான் விவரமாக எழுதுகிறேன்.

"வயசானா அதெல்லாம் விட்டுட வேண்டியதுதான்டி" என்றாள் பெரியக்கா. எனக்கு அது சரியாகப் படவில்லை. முட்டி வலித்தால் டாக்டரிடம் ஓடுகிறோம், இதற்கு மட்டும் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும்? என் கணவரும், "வலியோட எதுக்கும்மா, முதல்ல என்னன்னு பார்ப்போம்" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் பாதி பாரம் இறங்கிவிட்டது.

முதலில் மெடிக்கல் ஷாப்பில்தான் கேட்டேன். நான் பேசி முடிப்பதற்குள் கடைப் பையன் ஒரு ட்யூபைப் பழுப்புக் கவரில் போட்டுக் கையில் திணித்துவிட்டான். வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், பொடி எழுத்தில் 'லிக்னோகெய்ன் 2%' என்று இருந்தது. அது மரத்துப்போக வைக்கும் ஜெல்லி. ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் போடும்போது தடவுவார்களே, அது. வலி தெரியாது, தோல் கிழிந்தாலும் தெரியாது. வறட்சிக்காகக் கேட்கும் பெண்ணுக்குக் கொடுக்கிற பொருள் இல்லை இது. கடையில் கேட்கும்போது 'லூப்ரிகன்ட்' என்று தெளிவாகச் சொல்லுங்கள், வாங்கியதும் அங்கேயே அட்டையைத் திருப்பிப் படியுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அப்புறம்தான் லேடி டாக்டரிடம் போனேன். பரிசோதித்துவிட்டு ஒரு காகிதப் பட்டையை உள்ளே தொட்டு எடுத்து, நிறம் மாறியதைக் காட்டினார். "உங்க பிஹெச் ஆறு கிட்ட இருக்கும்மா. பீரியட்ஸ் வர்ற வயசுல நாலரைக்குள்ள இருக்கணும்" என்றார். பிஹெச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது கூடினால் அமிலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனியின் உள்தோல் மெலிகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது. அங்கே அமிலத்தன்மையைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்களும் குறைகின்றன. எனக்கு அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் வந்ததற்கும் இதுதான் காரணம். அதுவரை அதைத் தனி நோயாகவே நினைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசனை சோப்பு, இன்டிமேட் வாஷ் எல்லாவற்றையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார். வெறும் தண்ணீர் போதுமாம்.

ஜெல் விஷயத்தில் அவர் சொல்லித்தான் எனக்குத் தெளிவு வந்தது. லூப்ரிகன்ட் என்பது உறவின்போது மட்டும் தடவிக்கொள்வது, அந்த நேரத்து உரசலைக் குறைக்கும், அவ்வளவுதான். மாய்ஸ்சரைசர் வேறு. அதை வாரம் இரண்டு மூன்று முறை உள்ளே வைத்துக்கொண்டால் அன்றாட வறட்சிக்கு உதவும். ஹையலூரானிக் ஆசிட் ஜெல் இந்த வகை. ஸ்கூட்டியில் போனாலே உரசுகிறது என்றால் லூப்ரிகன்ட் மட்டும் போதாது.

லூப்ரிகன்ட் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீர் கலந்த வகையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் நிறைய இருந்தால் ஜெல்லில் கரைந்திருக்கும் பொருட்களின் செறிவு ரொம்பக் கூடிவிடும். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் விடுமே, அதுபோல அந்த ஜெல் நம் தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். ஏற்கெனவே மெலிந்த தோல், எரியாமல் என்ன செய்யும்? இந்தச் செறிவை ஆஸ்மோலாலிட்டி என்கிறார்கள். அது 380-க்குள் இருந்தால் நல்லது, 1200-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லியிருக்கிறது. நான் கையில் எடுத்துப் பார்த்த ட்யூப்களில் அந்த எண்ணே இல்லை. அதனால் சேர்மானப் பட்டியலைத்தான் பார்த்தேன். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் கிளிசரின் வந்தால் கீழே வைத்துவிட்டேன். சூடு தருவது, குளிர்ச்சி தருவது, ஸ்ட்ராபெரி வாசனை எல்லாம் நமக்கு வேண்டவே வேண்டாம். பாரபென், குளோர்ஹெக்சிடின் என்ற கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருட்கள் இல்லாததாகப் பார்க்கச் சொன்னார் டாக்டர்.

கிளிசரின் இல்லாத தண்ணீர் வகை எனக்கு எரியவில்லை. ஆனால் சீக்கிரம் காய்ந்துபோய், நடுவில் மறுபடி தடவ வேண்டியிருந்தது. கடைசியில் ஒத்துப்போனது சிலிக்கோன் வகை. அட்டையில் டைமெதிகோன் என்று இருக்கும். தண்ணீரே இல்லாததால் இந்தச் செறிவுப் பிரச்சினை கிடையாது, தோலில் ஊறாமல் மேலேயே நிற்கும், சில சொட்டுப் போதும். விலை கூடுதல்தான். விரிப்பில் பட்டால் கறை போகாது, அதனால் ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொள்வோம். குளியலறைத் தரையில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், பயங்கரமாக வழுக்கும். எந்த ஜெல்லையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பீர்கள். பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் எந்த எண்ணெயும் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். பீரியட்ஸ் இன்னும் முழுதாக நிற்காதவர்களுக்குக் கரு உண்டாகும் வாய்ப்பு இருக்கிறது, அவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஜெல் எதுவும் காரணத்தைச் சரிசெய்யாது. அதற்கு டாக்டர் எனக்கு எஸ்ட்ரியால் க்ரீம் எழுதித் தந்தார். யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து இது. முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், அதன்பின் வாரம் இரண்டு முறை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். உறவுக்கு முன்னால் இதை லூப்ரிகன்ட் போலத் தடவக் கூடாது, மருந்து கணவர் உடம்பில் சேரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பீரியட்ஸ் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், வறட்சியால்தான் என்று நாமே முடிவு கட்டாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இதை நான் கிளம்பும்போது டாக்டர் மறுபடியும் அழுத்திச் சொன்னார்.

இப்போது க்ரீமும் சிலிக்கோன் ஜெல்லுமாக நன்றாகவே இருக்கிறேன். யூரின் இன்ஃபெக்ஷன் வருவதும் குறைந்திருக்கிறது. க்ரீமை நிறுத்தினால் வறட்சி திரும்பும் என்பதால், மாதாமாதம் என் கணவரின் பிரஷர் மாத்திரை எழுதும் சீட்டிலேயே இதையும் எழுதிவிடுகிறேன். அவரே போய் வாங்கி வருகிறார்.