சிவன்மலை உத்தரவுப் பெட்டி முன்னால்

காங்கேயத்திலிருந்து திருப்பூர் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் சிவன்மலை. அருணகிரிநாதர் பட்டாலியூர் என்று பாடியது இந்த முருகனைத்தான். மேலே வரைக்கும் வண்டி போகும், ஆனால் படியேறித்தான் வருவேன் என்று பெரியம்மா நின்றுவிட்டதால் எல்லோரும் ஏறினோம். கிருத்திகை வேறு, சரியான கூட்டம்.

வரிசை நகராமல் நின்ற இடத்தில்தான் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி கண்ணில் பட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார், அவர் கோயிலில் வந்து சொன்னால் சாமி முன்னால் பூப் போட்டுப் பார்ப்பார்கள், வெள்ளைப் பூ வந்தால்தான் அது கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். இத்தனை நாள் என்று கணக்கில்லை, அடுத்த ஆளுக்குக் கனவு வருகிறவரை அதுவேதான். மண், மஞ்சள், தங்கம், சைக்கிள் எல்லாம் இருந்திருக்கிறது. 2004 சுனாமிக்கு முன்னால் தண்ணீர் வைத்தார்கள் என்பதைச் சொல்லாத ஆளே இந்தப் பக்கம் கிடையாது. நடந்து முடிந்ததற்கு அப்புறம் முடிச்சுப் போடுவதில் எனக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. ஒரு நேரத்தில் ஒரே பொருள்தான் என்பது மட்டும் ரொம்பப் பிடிக்கும்.

சித்தப்பாதான் ஆரம்பித்தார். "நம்மூட்டுக்கு இப்படி ஒரு பொட்டி இருந்தா ஆளாளுக்கு என்னத்த வெப்பீங்க?"

அவர் செக் புக் என்றார். பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்த காலத்தில் ஒரு பார்ட்டி கொடுத்த செக் திரும்பி, தீபாவளி போனஸுக்குச் சித்தியின் வளையலை அடகு வைத்த கதை. சித்தி பக்கத்திலேயே நின்றாள், எந்த வளையல் என்று மட்டும் திருத்தினாள்.

பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ரேசன் கார்டு" என்றாள். பெரியப்பா போய் வருசம் ஆகிவிட்டது, பேரை நீக்க எழுதிக் கொடுக்கச் சொல்லி எல்லோரும் சொல்லியாயிற்று, பாரம்கூட வாங்கி வைத்திருக்கிறாளாம். "அந்தப் பேரும் போயிட்டா கார்டுல நா ஒருத்திதானே சாமி" என்றாள். எங்களுக்கு முன்னால் நின்ற, யாரென்றே தெரியாத ஒரு அக்கா திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்காரரின் செருப்பு இன்னும் வாசலில் கிடப்பதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

என் முறை வந்தபோது பாஸ்புக் என்றேன். அப்பாவின் தோட்டத்தை விற்றுப் பங்கு பிரித்த பணம் அதில்தான் கிடக்கிறது, தம்பியும் நானும் பேச்சை நிறுத்தியதும் அந்தப் பங்கில்தான். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதத்தான் நித்தமும் எடுத்து எடுத்துப் பாக்கறயே கண்ணு, அதக் கொண்டாந்து சாமிகிட்டயும் வெக்கோணுமா?"

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அர்ச்சனைக்கு எப்போதும் குடும்பம் மொத்தத்தையும் ஒப்பிப்பேன், குருக்கள் பாதியிலேயே அடுத்த தட்டை வாங்கப் போய்விடுவார். அன்றைக்குத் தம்பி பேரும் ரோகிணி நட்சத்திரமும் மட்டும் சொன்னேன்.

"வேற பேருங்களா?"

"இல்லைங்க சாமி, அவ்வளவுதான்."

பெரியம்மா கேட்டுக்கொண்டுதான் நின்றாள், அங்கே ஒன்றும் சொல்லவில்லை. கீழே வந்து வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குப்போசியில் இருந்த அரிசிம்பருப்பு சோற்றைப் பிரிக்கும்போதுதான் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, இத்தன படியேறி வந்திருக்கறன், எம்பேரச் சொல்லோணும்னு தோணலியா உனக்கு?"