ஓவலும் மைனஸ் ஒன்றும்

மே 9, காரைக்குடி

இத்தாலியக் கணிதவியலாளர் செக்ரேயின் 1955 கட்டுரையை மறுபடி எடுத்திருக்கிறேன். வீழ்ப்புத் தளத்தில் எந்த இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கும்; இங்கே புள்ளிகள் எண்ணி முடிக்கக்கூடியவை. வரிசை q என்றால் ஒவ்வொரு கோட்டிலும் q+1 புள்ளிகள். எந்த மூன்றும் ஒரே கோட்டில் வராதபடி q+1 புள்ளிகளைப் பொறுக்கினால் அது ஓவல். களத்தின் (நான்கு கணக்குகளும் வழக்கம்போலச் செய்யக்கூடிய எண் தொகுதி; q=5 என்றால் ஐந்தால் வகுத்த மீதிகள்) மேல் கட்டிய தளமாக இருந்து, q ஒற்றைப்படையாகவும் இருந்தால், ஓவல் கூம்பு வளைவாகத்தான் இருக்கும், அதாவது ஓர் இருபடிச் சமன்பாடு! வெறும் எண்ணிக்கையிலிருந்து சமன்பாடு முளைக்கிறது. பின்லாந்தின் யார்னெஃபெல்ட்டும் குஸ்டான்ஹெய்மோவும் இதை ஊகமாகச் சொன்னபோது நம்பாதவர்களும் உண்டு.

மே 11, கானாடுகாத்தான்

அண்ணன் வீட்டு வளவில் உட்கார்ந்து நிரூபணத்தை எழுதினேன். ஓவலின் மூன்று புள்ளிகளை ஆய முக்கோணத்தின் (புள்ளிகளுக்கு ஆயங்கள் தரும் அடிப்படை முக்கோணம்) முனைகளாக வைக்க வேண்டும். இந்த ஒரு தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது. q=5 என்றால் ஓவலில் மிச்சம் மூன்று புள்ளிகள். ஒரு முனையிலிருந்து அவற்றுக்குப் போகும் கோடுகளின் சாய்வுகளோடு அங்குள்ள தொடுகோட்டின் (ஓவலை அந்த முனையில் மட்டும் தொடும் கோடு) சாய்வையும் சேர்த்தால் 1, 2, 3, 4 எல்லாம் ஒவ்வொரு முறை வந்துவிடும்.

"அத்தை, பெருக்கினா 24" என்றாள் அண்ணன் மகள்.

ஐந்தால் வகுத்தால் மீதி 4, அதாவது மைனஸ் 1. முடிவுள்ள எந்தக் களத்திலும் பூச்சியம் அல்லாதவற்றின் பெருக்கல் இதுதான். இன்னொரு பக்கம், மிச்சப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று முனைகளிலிருந்து வரும் சாய்வுகளின் பெருக்கல் 1. இரண்டையும் சேர்த்தால், மூன்று தொடுகோட்டுச் சாய்வுகளின் பெருக்கல் மைனஸ் 1. எனக்கு இந்த வரி கூம்பு வளைவைவிட அழகு.

மே 12

q இரட்டைப்படை என்றால் களத்தில் 1+1=0, அதனால் மைனஸ் 1-ம் 1-ம் ஒன்றே. பெருக்கல் 1 என்றால் மூன்று தொடுகோடுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கும். எந்த மூன்றை எடுத்தாலும் அப்படியே; ஆக, எல்லாத் தொடுகோடுகளும் ஒரே புள்ளி வழியே. அதையும் ஓவலோடு சேர்த்தால் எந்த மூன்றும் ஒரே கோட்டில் வராத q+2 புள்ளிகள். இந்தியக் கணிதவியலாளர் ஆர்.சி. போஸ் 1947-லேயே சொன்ன உச்ச எண்ணிக்கை இதுதான், ஒற்றைப்படைக்கு q+1. மின்சாரம் போனதால் இன்றைக்கு இவ்வளவுதான்.

மே 15, காரைக்குடி

எல்லாத் தளத்துக்கும் களம் கிடையாது. மார்ஷல் ஹால் 1943-ல் எந்தத் தளத்துக்கும் மும்மைச் செயலி (மூன்று உறுப்புகளிலிருந்து ஒன்றைத் தரும் விதி) ஒன்றால் ஆயங்கள் கொடுத்தார். ஆனால் அதில் பெருக்கலுக்குச் சேர்ப்புப் பண்புகூட உறுதியில்லை. 11-ஆம் தேதி எழுதிய பெருக்கல், அடைப்புக்குறியை இடம் மாற்றினாலே வேறு விடை தரலாம். இருந்தும் அங்கேயும் ஓவல்கள் உண்டு. அவற்றைப் பிடிக்க எந்தச் சமன்பாடு? அடுத்து வரிசை 9-இல் களம் இல்லாத தளங்களைப் பார்க்கப் போகிறேன்.